மூச்சு வாங்கினால் ஓய்வு போதுமா?

(பெங்களூர் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1973-ல் தொடங்கிய நமது கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் நோயாளிகள் ரயிலேறி வருகிறார்கள். கீமோ முடிந்து வீடு திரும்பியவருக்கு மூச்சு வாங்கினால், "மருந்தின் அசதி, சித்த படுத்துக்கோங்கோ" என்கிறோம். டாக்டராக நான் அஞ்சுவது இந்த வார்த்தைக்குத்தான்.

புற்றுநோய் ரத்தத்தை எளிதில் உறைய வைக்கும். கீமோ, ஆபரேஷன், படுத்தே கிடப்பது எல்லாம் அதைக் கூட்டும். காலில் உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரல் ரத்தக்குழாயை அடைத்துவிடலாம். 1865-ல் இத்தொடர்பை விளக்கிய பாரிஸ் டாக்டர் த்ரூஸோ, 1867-ல் தம் உடம்பிலேயே ரத்தக்கட்டைக் கண்டு, தமக்கும் புற்றுநோய் என்று ஊகித்தார். பாவம், ஊகம் சரியாயிற்று. அவ்வருஷமே வயிற்றுப் புற்றுநோயில் காலமானார்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். எண்ணெய் தேய்த்து நீவ வேண்டாம். திடீர் மூச்சுத்திணறல், மார்வலி, இருமலில் ரத்தம், மயக்கம் இவற்றில் எது வந்தாலும், நடுராத்திரியானாலும் எமர்ஜென்சிக்குப் போங்கள். சி.டி. ஸ்கேனில் தெரிந்துவிடும். ஹெபாரின் ஊசியோ அபிக்ஸபான் போன்ற மாத்திரையோ பலரைக் காப்பாற்றுகிறது. பல மாதங்கள் தொடர வேண்டும். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. ஏகாதசியன்றும் மாத்திரை உண்டு, மாமி!