ஆட்டம் கட்டியவர் யார்?



நாட்டார் ஆட்டங்களைப் பற்றி நாம் ஏராளமாக எழுதிவிட்டோம். ஒயிலாட்டம், தேவராட்டம், கும்மி, கரகம் என்று ஒவ்வொன்றையும் எடுத்து, யார் ஆடுவது, எந்தக் கொடையில் ஆடுவது, இடுப்பில் என்ன கட்டுவது என்பது வரை பதிவு செய்திருக்கிறோம். அந்த ஆட்டத்தைக் கட்டியவர் யார் என்ற இடம் வந்ததும், ‘காலங்காலமாக மக்கள் ஆடிவருவது’ என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறோம். இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஊர் கூடி ஆடலாம். ஊர் கூடி அடவு கட்டுவதில்லை. ஒருவர் கட்டுகிறார், மற்றவர்கள் பழகுகிறார்கள்.

பேராசிரியர் நா. வானமாமலை 1964-இல் ‘தமிழர் நாட்டுப் பாடல்க’ளைத் தொகுத்தபோது, பாட்டுக்குக் கீழே சேகரித்தவர் பெயரையும் ஊரையும் அச்சிட்டார். அது பெரிய நேர்மை. அந்த நேர்மையை ஆட்டத்துக்கும் கொண்டுவந்து, கட்டியவர் பெயர்வரை நீட்டியிருக்க வேண்டியவர்கள் நாம். அறுபது ஆண்டுகளாக அதை முழுமையாகச் செய்யவில்லை.

கொங்கு நாட்டில் ஒருவருக்கு ஆட்ட ஆசிரியர் என்ற பெயர் கிடைத்தது. மேட்டுப்பாளையம் அருகே தாசம்பாளையத்தைச் சேர்ந்த வள்ளி ஒயில் கும்மி ஆசிரியர் பத்ரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அப்போது அவருக்கு வயது 87. வள்ளிக்கும் முருகனுக்கும் நடக்கும் கதையைப் பாட்டும் அடியுமாகச் சொல்லும் ஆட்டம் அது. பெரும்பாலும் ஆண்கள் ஆடியது. அந்த வரிசைக்குள் பெண்களை அழைத்துவந்து பழக்கினார் பத்ரப்பன். விருது அறிவிப்பிலும் இதைத்தான் எடுத்துச் சொன்னார்கள்.

செய்தித்தாள்கள் இதைப் பெண் முன்னேற்றம் என்று பாராட்டின. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் ஆய்வாளர் அங்கே நின்றுவிடக் கூடாது. வள்ளியின் பேச்சை ஓர் ஆண் பாடி ஆடுவதும், அதே பேச்சை ஒரு பெண் பாடி ஆடுவதும் ஒன்றாகுமா? பாட்டின் சுருதி மாறும். சேலை கட்டிய காலுக்கு எட்டு வைக்கும் அளவு மாறும். எதை விட்டுக்கொடுப்பது, எதை விடவே கூடாது என்று முடிவெடுக்க வேண்டியவர் ஆசிரியர். படைப்பு என்றால் இதுதான்.

ஒயிலாட்டத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். விரலில் கைக்குட்டை, காலில் சலங்கை, ஒரே வரிசையாகப் பதினைந்து இருபது பேர். தாளம் நிதானத்தில் தொடங்கி மெல்ல மெல்ல ஏறும். வரிசை அப்படியே சுற்றித் திரும்ப வேண்டிய கட்டம் வருகிறது. உள்முனையில் நிற்பவர் நின்ற இடத்திலேயே மிதித்துத் திரும்பினால் போதும். வெளிமுனையில் இருப்பவர் அதே தாளத்துக்குள் நீண்ட தூரம் கடந்தாக வேண்டும். அதுவும் ஓடுவது தெரியாமல். அதனால்தான் விவரம் தெரிந்த வாத்தியார் தன் நல்ல ஆட்டக்காரரைக் கடைசியில் நிறுத்துவார். யாரை எங்கே நிறுத்துவது, எந்த வரியில் துணியை வீசுவது, எந்த இடத்தில் தாளத்தை ஏற்றுவது எல்லாம் அவர் மனக்கணக்கு. அந்தக் கணக்கு எழுதி வைக்கப்படவில்லை. வாத்தியார் போனால் அதுவும் போகும்.

தேவராட்டம் இன்னும் கடினம். பாட்டே கிடையாது. தேவதுந்துமி என்னும் மேளத்தின் அடியைக் கேட்டு முன்னால் ஆடுபவர் அடவை மாற்ற, பின்னால் உள்ளவர்கள் அந்தக் கணமே பிடித்துக்கொள்ள வேண்டும். ராஜகம்பள சமூகத்தார் தங்கள் திருமணத்திலும் கோயிலிலும் ஆடிய இந்த ஆட்டம் இன்று பள்ளி மேடைவரை வந்துவிட்டது. அங்கே ஐந்து நிமிடம்தான் தருகிறார்கள். ஐந்து நிமிடத்துக்காக எந்த அடவு வெட்டப்பட்டது, வெட்டியவர் யார்? அதையும் குறித்துவைக்க வேண்டும்.

திண்டுக்கல்லில் 1990-இல் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு, தலித் பெண்களின் கையில் பறையைக் கொடுத்தது. ஆண்களின் கருவியாக இருந்த பறையை ஏந்தி அவர்கள் ஆடியபோது, அந்த ஆட்டத்தின் நிமிர்வே வேறாக இருந்தது. ஒரு கலைக்குழு எடுத்த முடிவால் ஓர் ஆட்டம் எவ்வளவு மாறும் என்பதற்கு இது நம் கண்முன் உள்ள சான்று.

இனி நம் பள்ளத்தாக்குக்கு வருவோம். 1895-இல் பெரியாறு அணை நீர் வந்தபின் கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நெல் விளைந்தது. இன்றும் 14,707 ஏக்கர் என்று கணக்குச் சொல்கிறார்கள். இரண்டாம் போக அறுப்பு முடிந்தால் சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா வந்துவிடும். ஆட்டம் பழக இடையில் கிடைப்பது சில வாரங்கள். அந்த இரவுகளுக்குள் ஒரு வரிசையை உருவாக்கி நிறுத்துபவரின் திறமையை எந்த அளவுகோலால் அளப்பது? பெண்களின் நிலை வேறு. விடியும் முன்பே ஜீப் ஏறிக் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய், பொழுது சாயும்போது திரும்புகிறார்கள். அதன் பிறகும் கும்மி வட்டத்தில் வந்து நிற்கும் பெண்ணுக்கு எந்த அடி சொல்லிக்கொடுப்பது என்று யோசிப்பவளும் ஆடல் ஆசிரியைதான். அவளைப் பற்றி எத்தனை ஆய்வேடுகள் எழுதியிருக்கிறோம்?

இந்த மண்ணிலிருந்து பாட்டும் படமும் போய்ப் பெரும்பெயர் பெற்றன. அல்லிநகரத்துப் பாரதிராஜாவையும் பண்ணைப்புரத்து இளையராஜாவையும் உலகம் அறியும். ஆட்டம் கட்டியவர்களுக்கும் அந்த மரியாதையில் ஒரு பங்கு சேர வேண்டும்.

இந்தக் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க வந்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் விவரிக்கும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஆசிரியர் யார், அவர் யாரிடம் பழகினார், பழகியதில் எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்ற நான்குக்கும் விடை தேடுங்கள். அவர் சம்மதித்தால் பெயரோடு எழுதுங்கள். ஒளிப்பதிவு செய்தால் ஒரு படி அவர் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும்.

அமைப்பாளர்களிடம் பேசி ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். ஒவ்வோர் அமர்விலும் ஆய்வாளருக்குப் பக்கத்து நாற்காலியில் ஓர் ஆட்ட ஆசிரியர் அமர்வார். கட்டுரை முடிந்ததும் முதலில் அவர்தான் பேசுவார்; மற்றவர்களின் கேள்விகள் அதற்குப் பிறகு. முதல் அமர்வுக்கு உரிய ஒயிலாட்ட வாத்தியார்களை மேடைக்கு வருமாறு அழைத்து, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.