வெட்டும் விலக்கும்



'முழங்கால் மூட்டு மாற்று' என்னும் சொற்றொடரே முதியோர் பலரை அச்சுறுத்துகிறது. மூட்டு முழுவதும் அகற்றப்படும் என அவர்கள் எண்ணுகின்றனர். உண்மையில், தொடையெலும்பின் தேய்ந்த முனையும் கீழ்க்காலெலும்பின் மேற்பரப்பும் சில மில்லிமீட்டர் அளவே சீவப்பெறுகின்றன. அவற்றின்மேல் உலோக உறை பொருத்தப்பெறுகிறது. இடையில் பாலிஎத்திலீன் தகடு அமைகிறது. பெயர் பெரிது, நீக்கப்படுவது சிறிது. 1974இல் நியூயார்க்கில் ஜான் இன்சாலும் அவர்தம் குழுவினரும் பொருத்தத் தொடங்கிய வடிவமே இன்றைய செயற்கை மூட்டுகளுக்கு முன்னோடி.

தோலைக் கீறிய பின் மூட்டை அடைய வழிகள் பல. பழைய வழி, தொடையின் முன்தசை முடியும் தசைநாணை நெடுக்காகப் பிளந்து, முழங்காற்சில்லை ஒதுக்குவது. மூட்டு முழுமையாகக் கண்ணுக்குப் புலப்படுவதால் இன்றும் அறுவை மருத்துவர் பலர் அதனையே கைக்கொள்கின்றனர். 1991இல் ஹோஃப்மன் குழுவினர் எடுத்துரைத்த வழியில் தசை வெட்டப்படுவதில்லை. அடிப்புறமாகத் தூக்கி விலக்கப்படுகிறது. 1997இல் எங் குழுவினர் விளக்கியது இடைப்பட்டது. அது தசையிழைகளை அவற்றின் போக்கிலேயே பிரிக்கிறது.

தசை காக்கப்பெற்றால் காலை நேராக உயர்த்தும் ஆற்றல் சற்று முன்னதாகத் திரும்பலாம். சில மாதங்களில் அவ்வேறுபாடு பெரிதும் மறைந்துவிடுகிறது. விறைத்த மூட்டிலும் பருத்த உடலிலும் அவ்வழி கடினம். ஆகவே, வடு சிறியதா என்பதைவிட மூட்டு நேராகப் பொருந்தியதா என்பதே முதன்மையான வினா.

கத்தியின் பணி ஓரிரு மணி நேரத்தில் முடிகிறது. காலின் பணி ஓராண்டுவரை நீள்கிறது. அன்றோ மறுநாளோ எழுந்து நிற்றல் வேண்டும். மடக்குவதைப் போன்றே முழுமையாக நீட்டுவதும் இன்றியமையாதது. முழங்காலின்கீழ் தலையணை வைத்தால் இதமாக இருக்கும்; அந்த இதமே காலை நிமிரவிடாமல் செய்துவிடும். வடுவின் வெளிப்புறத்தில் மரத்துப்போதல் இயல்பு. தோலின் சிறு நரம்பு அறுபடுவதே காரணம். ஆனால் காய்ச்சல், காயத்தில் கசிவு, கெண்டைக்கால் வீக்கம் ஆகியவை தோன்றின் உடனே மருத்துவரை நாடுதல் வேண்டும்.

வீட்டில் நேரும் இடர் ஒன்றுண்டு. "வலிக்கிறதே, இன்று போதும்" என்று மக்கள் காட்டும் இரக்கம், வடுத்திசு இறுகி மூட்டைப் பிணிக்க இடம் தந்துவிடுகிறது. எனவே, அறுவைக்குமுன் மருத்துவரிடம் எந்த வழி, ஏன் என்று கேட்பவர், தம் இல்லத்தாரிடம் மற்றொன்றையும் கேட்டுவைத்தல் நலம்: நாள்தோறும் பயிற்சிக்கு எழுப்பப்போவது யார்?