வயிறும் வாயும்



உடற்பருமன் மிகுந்து, நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடன் சேர்ந்து, உணவுக் கட்டுப்பாட்டாலும் நடைப்பயிற்சியாலும் பயன் காணாதோருக்கு இரைப்பையைச் சுருக்கும் சத்திரசிகிச்சை இன்று கொழும்பிலும் செய்யப்படுகின்றது. அதனால் எடை குறைவதும் நீரிழிவு தணிவதும் பலர் கண்ட உண்மை. ஆயின், அதன் பின்னர் பற்களுக்கும் முரசுக்கும் நேர்வது யாது என்று கேட்போர் சிலரே. வயிற்றிற் செய்யும் மாற்றம் வாயிலும் தோன்றும் என்பதனை எடுத்துச் சொல்வதே இப்பேச்சின் நோக்கம்.

இச்சத்திரசிகிச்சையில் இருவகை பெருவழக்காக உள்ளன. ஒன்றில், இரைப்பையின் பெரும்பகுதி நீக்கப்பட்டு, எஞ்சியது குழாய்போல் விடப்படுகின்றது. மற்றதில், இரைப்பையின் மேற்பகுதியில் ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் கொள்ளும் சிறு பை அமைக்கப்பட்டு, சிறுகுடலின் முற்பகுதியைத் தாண்டி அப்பாலுள்ள குடலோடு இணைக்கப்படுகின்றது. முன்னதில் உணவு கொள்ளும் இடம் குறைகின்றது. பின்னதிலோ சத்துக்கள் உறிஞ்சப்படுவதும் குறைகின்றது.

இதன் முதல் விளைவு, உண்ணும் முறை மாறுவதாகும். மூன்று வேளை வயிறார உண்டவர் இப்பொழுது நாளொன்றுக்கு ஆறு தடவை, எட்டுத் தடவை சிறிது சிறிதாக உண்கின்றார். சோறும் இறைச்சியும் எளிதில் இறங்காமையால், சீனி கலந்த பால்தேநீரையும் அதில் தோய்த்த விசுக்கோத்தையும் நாடுவோர் உளர். மாவும் சீனியும் வாயிற் பட்டவுடன் அங்குள்ள கிருமிகள் அமிலத்தை உண்டாக்குகின்றன. அவ்வமிலம் அடங்குவதற்கு ஏறக்குறைய அரைமணி நேரம் ஆகும். மூன்று தடவை உண்பவரின் பற்கள் ஒன்றரை மணி நேரம் தாங்கிய தாக்குதலை, எட்டுத் தடவை உண்பவரின் பற்கள் நான்கு மணி நேரம் தாங்கவேண்டியுள்ளது. பற்சூத்தை பெருகுதற்கு இக்கணக்கே போதிய காரணம்.

இரண்டாவது, வாந்தியும் நெஞ்செரிவும். இரைப்பையின் அமிலம் மேலெழுந்து வாயை அடையுமாயின், பல்லின் வெளியுறையாகிய எனாமல் கரைகின்றது. கரைந்த எனாமல் மீண்டும் வளர்வதில்லை. மூன்றாவது, உமிழ்நீர்க் குறைவு. உணவோடு நீர் அருந்தலாகாது என்பது இவர்களுக்கு விதி. இடைவேளைகளில் அருந்த மறந்தால் வாய் உலர்கின்றது. பற்களின் இயற்கைக் காவலாகிய உமிழ்நீர் குன்றினால், முற்கூறிய இரு தீமைகளும் வலுப்பெறுகின்றன.

எம்மோடு பணியாற்றிய ஆசிரியை ஒருவர் இச்சிகிச்சை பெற்றார். ஓராண்டில் அவர் இளைத்ததைக் கண்டு யாவரும் பாராட்டினோம். இரண்டாம் ஆண்டில் குளிர்ந்த நீர் பட்டாலே பல் கூசுவதாகச் சொன்னார். பின்னர் நான்கு பற்களில் சூத்தை கண்டது. "சாப்பாட்டைப்பற்றி எல்லாரும் சொன்னார்கள், பல்லைப்பற்றி ஒருவரும் சொல்லவில்லை" என்பதே அவரது குறை.

இனி முரசுக்கு வருவோம். நம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் நடந்த ஓர் ஆய்வு உலகப் பல் மருத்துவ நூல்களிலெல்லாம் இடம்பெற்றுள்ளது. நோர்வே நாட்டு அறிஞர் ஹரால்ட் லோவும் அவர்தம் குழுவினரும் 1970 முதல் 1985 வரை, பல் மருத்துவ வசதியே அறியாத 480 ஆண் தொழிலாளரை இடையிடையே பரிசோதித்தனர். ஏறக்குறைய அனைவர் பற்களிலும் அழுக்கும் காரையும் படிந்திருந்தன, முரசும் அழற்சியுற்றிருந்தது. ஆயினும் நூற்றுக்கு 8 பேருக்கே பற்களைத் தாங்கும் பகுதி விரைந்து அழிந்தது. 81 பேருக்கு மிதமான வேகத்தில் அழிந்தது. 11 பேருக்கு அழிவு முரசைக் கடக்கவேயில்லை. ஒரேவிதமான அழுக்கு எல்லாரையும் ஒரேவிதமாகத் தாக்குவதில்லை. உடம்பின் நிலையும் முரசின் நிலையை நிர்ணயிக்கின்றது என்பது இதனால் விளங்கும்.

சத்திரசிகிச்சை மாற்றுவது அவ்வுடம்பின் நிலையைத்தான். நீரிழிவு தணியுமாயின் அது முரசுக்கு நன்மையே. ஆனால் இரும்பு, கல்சியம், விற்றமின் டீ, பீ12 முதலியன குறையுமாயின் நாக்கு எரியும், வாயின் ஓரம் வெடிக்கும், தாடையென்பும் நலியும். முதல் ஆறு மாதங்களில் முரசுநோய் மிகுந்ததாகச் சில ஆய்வுகள் கண்டுள்ளன. எடை குறைந்துவிட்டது, முரசும் தானே தேறும் என்று வாளாவிருத்தல் தகாது.

ஆதலின் செய்யத்தக்கவை யாவை? சத்திரசிகிச்சைக்கு முன்னரே பல் வைத்தியரிடம் சென்று காரையை நீக்கி, சூத்தையை அடைத்துக்கொள்க. அரச பற்சிகிச்சை நிலையங்களும் வாட் பிளேசிலுள்ள தேசிய பல் வைத்தியசாலையும் நமக்கு அணித்தே உள்ளன. சுருங்கிய இரைப்பைக்குச் செல்லும் உணவு கூழாகும்வரை மெல்லப்பட வேண்டும். ஆடும் பற்களால் அது இயலாது. நன்கு மெல்லாத உணவு வாந்தியையே வருவிக்கும். வாந்தி எடுத்தவுடன் பல் துலக்கலாகாது; இளகிய எனாமல் தேய்ந்துவிடும். நீரால் வாயைக் கொப்புளித்து, அரைமணி நேரம் கழித்தே துலக்குக. புளோரைட்டு உள்ள பற்பசையை இருவேளையும் பயன்படுத்துக. தேநீரிற் சீனியை விடுக; உணவுக்கு இடையிடையே வெறும் நீரைச் சிறிது சிறிதாக அருந்துக. வைத்தியர் விதித்த சத்துமாத்திரைகளை ஆயுள் முழுவதும் தவறாது கொள்க. எத்தனை மாதத்துக்கொருமுறை வரவேண்டும் என்று பல் வைத்தியரிடமே கேட்டு, அத்தவணையைத் தவறவிடாதிருங்கள்.

பெரும் பொருளும் துணிவும் செலவிட்டு உடல்நலம் தேடுவோர், அந்நலத்துக்கு வாயிலாகிய வாயை மறத்தலாகாது. உங்கள் வீட்டில் எவரேனும் இச்சிகிச்சைக்கு ஆயத்தமாகின்றாராயின், இன்றே அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "பல் வைத்தியரைப் பார்த்தீர்களா?"