மூணு நம்பரும் மாமாவோட நோட்டும்

தீபாவளிக்கு ராசிபுரம் போயிருந்தேன். மாமா என்னை மட்டும் மொட்டை மாடிக்குக் கூப்பிட்டார். கையில ஒரு நீள நோட்டு. “மாப்ள, மூணு வருஷ ரிசல்ட் இதுல இருக்கு. அடுத்து எது வரும்னு கம்ப்யூட்டர்ல ஒரு புரோகிராம் போட்டுக் குடு”ன்னார்.

தமிழ்நாட்டில் 2003 ஜனவரியிலேயே லாட்டரிக்குத் தடை வந்துடுச்சு. ஆனா கேரள அரசு லாட்டரிக்கு தினமும் மத்தியானம் மூணு மணிக்குக் குலுக்கல் நடக்குது. அந்தப் பரிசு எண்ணோட கடைசி மூணு இலக்கத்தை வச்சு சேலம், நாமக்கல் பக்கம் திருட்டுத்தனமா ஓடுறதுதான் ‘மூணு நம்பர்’.

நோட்டுல நிறைய எண்ணுக்கு வட்டம் போட்டிருந்தார். எல்லாம் ‘பெண்டிங்’ நம்பராம். ரொம்ப நாளா வரலை, அதனால சீக்கிரம் வந்தே ஆகணும்ங்கறது அவர் கணக்கு.

நான் உண்மையிலேயே பைதான்ல எழுதிப் பார்த்தேன். பெண்டிங் பார்த்துக் கட்டுற ஆள், கண்ணை மூடிக் கட்டுற ஆள், ரெண்டு பேரையும் லட்சம் தடவை ஆட விட்டேன். ரெண்டு பேருக்கும் ஆயிரத்துக்கு ஒண்ணுதான் விழுந்தது. ஏன்னா 000 முதல் 999 வரை ஆயிரம் எண். நேத்து என்ன வந்ததுன்னு மெஷினுக்கு ஞாபகம் கிடையாது.

சரி, பெண்டிங் எப்படி வருது? மூணு வருஷத்துல சுமார் ஆயிரம் குலுக்கல். ஒரு எண் ஒருநாள் வராம இருக்க வாய்ப்பு 0.999. அதை ஆயிரம் தடவை பெருக்கினா 0.37. அதாவது சுமார் 370 எண் ஒருதடவைகூட வந்திருக்காது. மாமா நோட்டுல எண்ணினேன், கிட்டத்தட்ட அவ்வளவுதான். அது ரகசியம் இல்லைங்க, சாதாரணக் கணக்கு.

வாட்ஸ்அப் ‘கெஸ்ஸிங்’ குரூப்பும் அப்படித்தான். ஆயிரம் பேர் ஆயிரம் நம்பர் சொன்னா ஒருத்தருக்கு விழுந்தே தீரும். நம்ம கண்ணுல படுறது அவர் ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான்.

நம்பர் தேர்வால ஒண்ணு மட்டும் மாறலாம்: பரிசைப் பங்கு போடுற லாட்டரியில பங்காளிங்க எண்ணிக்கை. 1995 ஜனவரியில் பிரிட்டன்ல ஒரே ஆறு எண்ணை 133 பேர் எடுத்து, ஜாக்பாட்டைப் பிரிச்சுக்கிட்டாங்க. யாரும் எடுக்காத எண்ணா எடுத்தா பங்கு பெருசாகும், விழுற வாய்ப்பு கூடாது. மூணு நம்பர்ல தொகை முன்னாடியே முடிவானது, அதனால இதுவும் உதவாது. பத்து ரூபாய்க்கு ஐயாயிரம்னு வச்சுக்கோங்க. ஆயிரம் எண்ணையும் வாங்கினாலும் பத்தாயிரம் போட்டு ஐயாயிரம்தான் எடுப்பீங்க.

மாமா ரொம்ப நேரம் பேசலை. நோட்டுல வலது ஓரம் அன்னன்னைக்குக் கட்டின தொகை எழுதியிருந்தது. “இதை என்னைக்காவது கூட்டிப் பார்த்தீங்களா மாமா?”ன்னு கேட்டேன். இல்லைன்னார். ரெண்டு பேரும் உட்கார்ந்து கூட்டினோம்.

எவ்வளவுன்னு இங்க சொல்ல மாட்டேன். அத்தையும் இந்த பாட்காஸ்ட் கேட்கறாங்க. ஆனா உங்க வீட்லயும் இப்படி ஒரு நோட்டு இருந்தா திட்டாதீங்க, பக்கத்துல உட்கார்ந்து கூட்டிக் குடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.