நிறம் தனியே நிற்பதில்லை

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



வரைகலை பற்றிப் பேசும்படி கேட்ட செயலாளர், "எல்லாருக்கும் விளங்கிறமாதிரிப் பேசுங்கோ" என்றும் சொல்லிவிட்டார். ஆகவே உங்களுக்குப் பழக்கமான புடவைக் கடையிலிருந்து தொடங்குகிறேன். சேலைக்குப் பொருத்தமாகச் சட்டைத்துணி எடுக்கும்போது கடை வெளிச்சத்தை நாங்கள் நம்புவதில்லை. இரண்டையும் வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். உள்ளே ஒத்துப்போன நிறங்கள் வெளியே ஒத்துப்போகாமல் விடுவதுண்டு. நிறம் துணியில் மட்டும் இல்லை, படுகின்ற வெளிச்சத்திலும் இருக்கிறது. இது எங்கள் அம்மாமார் சொல்லித்தந்த முதற்பாடம்.

இரண்டாவது பாடம் பாரிஸில் உள்ள கோபெலின் நெசவாலையிலிருந்து வருகிறது. அங்கே சாயப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த இரசாயனவியலாளர் செவ்ரோலிடம், கறுப்பு நூல் சில இடங்களில் வலுவிழந்து தெரிகிறது என்று முறைப்பாடு வந்தது. சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் இருந்த நிறமே கறுப்பை அப்படிக் காட்டியது. இந்த ஆய்வை அவர் 1839இல் நூலாக வெளியிட்டார்.

பின்னர் ஜேர்மனியின் பௌஹவுஸ் கல்லூரியிலும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலும் படிப்பித்த ஜோசப் அல்பேர்ஸ், வர்ணத்தை ஒதுக்கிவிட்டு நிறக் கடதாசித் துண்டுகளாலேயே இதை மாணவர்களுக்கு உணர்த்தினார். என் வகுப்பிலும் அதையே செய்கிறேன். ஒரே சாம்பல் நிறத்தில் இரண்டு துண்டுகள். ஒன்று கறுப்பின் மேல், மற்றது வெள்ளையின் மேல். "ரெண்டும் வேறை நிறம், மிஸ்" என்று பிள்ளைகள் சாதிப்பார்கள். சுற்றியுள்ள நிறத்தை மறைத்துக் காட்டியதும் வகுப்பு அமைதியாகிவிடும். அன்றிலிருந்து ஒரு நிறத்தைத் தனியே பார்த்துத் தெரிவுசெய்ய மாட்டார்கள்.

இது வெறும் அழகுக்கான படிப்பு அல்ல. மும்மொழி அறிவித்தல்களை நினைத்துப் பாருங்கள். பெட்டியை ஆங்கிலத்துக்கு அளந்து வரைந்துவிட்டு, அதைவிட நீளமான தமிழ் வசனத்தை அதே பெட்டிக்குள் சிறிதாக்கித் திணிக்கிறார்கள். நிறப் பின்னணியில் மெல்லிய வெள்ளை எழுத்து வேறு. அச்சில் நான்கு மைகளில் ஒன்று சற்று விலகினாலும் 'ண', 'ஞ' போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைபட்டுவிடும். கிளினிக் சுவரில் அதை வாசிக்க முடியாமல் நிற்பவர் தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு தாயாக இருக்கலாம்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5:1 ஆக இருக்கவேண்டும் என்பது இணையப் பக்கங்களின் சாதாரண அளவு எழுத்துக்கான சர்வதேச வழிகாட்டல். அச்சுக்கும் அது நல்ல அளவுகோல். வட ஐரோப்பிய வம்சாவழி ஆண்களில் ஏறக்குறைய 8 சதவீதத்தினருக்குச் சிவப்பு-பச்சை வேறுபாடு சரியாகத் தெரிவதில்லை. பெண்களில் அது 0.5 சதவீதம் அளவே. ஆகவே ஆபத்துக்குச் சிவப்பு, பாதுகாப்புக்குப் பச்சை என்று விட்டுவிடாமல், சொல்லாலும் எழுதிவிடுங்கள் என்று என் மாணவர்களுக்குச் சொல்வேன்.

பெற்றோராய் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை சித்திரப் பாடத்தை எடுக்கப்போகிறேன் என்றால், "அது என்ன தொழில்?" என்று கேட்கிறோம். பௌஹவுஸுக்குச் சென்ற பெண்களிற் பலர் நெசவுப் பகுதிக்கே ஒதுக்கப்பட்டார்கள். அவர்களுள் ஒருவரான ஆனி அல்பேர்ஸ், அந்தத் தறியிலேயே தன் கலையை வளர்த்தார். 1949இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகம் அவருடைய படைப்புகளுக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. நெசவுக் கலைஞர் ஒருவருக்கு அங்கு கிடைத்த முதல் தனிக் கண்காட்சி அது. எங்கள் பிள்ளைகளுக்கு இன்று ஒரு தறி மட்டுமல்ல. புத்தகம், பொதி, பெயர்ப்பலகை, கைத்தொலைபேசித் திரை எல்லாமே களம்.

சகோதரிகளே, நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், அலுவலகத்திலோ கோயிலிலோ தமிழில் ஓர் அறிவித்தல் அச்சாகும்போது அச்சுக்கு முன் ஒருதரம் வாங்கிப் பாருங்கள். கையை நீட்டித் தூரப் பிடித்து வாசியுங்கள். வாசிக்க முடியாவிட்டால், தமிழுக்கு இன்னும் கொஞ்சம் இடம் விடுங்கோ என்று கேளுங்கள்.