ஒரு கால்வாயின் மறுவாழ்வு
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



முன்னோர் அரிதின் இயற்றிவைத்த பொதுப்பொருளொன்று பயனற்றுக் கிடப்பின், அதனை மூடிவிடுதல் தக்கதா, பேணுதல் தக்கதா என்னும் வினா எந்நாட்டார்க்கும் உரியதாம். இவ்வினாவிற்கு விடை பகரும் சான்றாக, இங்கிலாந்து தேசத்து ஹட்டர்ஸ்பீல்டு குறுங்கால்வாயின் வரலாற்றைச் சுருங்க எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

யார்க்ஷயரிலுள்ள ஹட்டர்ஸ்பீல்டு நகரையும், மாஞ்செஸ்டரை அடுத்த ஆஷ்டன் நகரையும் இணைக்கும் இக்கால்வாய் ஏறக்குறைய 20 மைல் நீளமுடையது. சுமார் 7 அடி அகலமுள்ள படகுகளே இதிற் செல்லத்தகுமாதலின் குறுங்கால்வாய் எனப்பட்டது. இடையே பென்னைன் மலைத்தொடர் குறுக்கிட்டு நிற்கின்றது. நீர் தானே மேடேறாதன்றோ? ஆகவே 74 லாக்குகள் அமைத்தனர். லாக்கு என்பது இருபுறமும் கதவுடைய தொட்டி. படகு உட்புகுந்தபின் கதவையடைத்து நீர் விடுவர். நீர் உயரப் படகும் உயரும். இங்ஙனம் படிப்படியாகக் கடல்மட்டத்திற்குமேல் 645 அடி ஏறிய படகு, மலையைக் குடைந்த ஸ்டாண்டெட்ஜ் சுரங்கத்துட் புகும்.

அச்சுரங்கத்தின் நீளம் மூன்று மைலுக்கும் அதிகம். 1794-ஆம் ஆண்டில் பார்லிமெண்டின் சட்டம் பெற்று, பெஞ்சமின் ஔட்ரம் என்னும் எஞ்சினீயர் தலைமையில் வேலை தொடங்கிற்று. இடையிற் பணமுடையும் பிற இடர்களும் நேர்ந்தன. 1807-இல் புகழ்பெற்ற தாமஸ் தெல்போர்டு ஆராய்ந்து வழி கூறினார். 1811-இல், தொடங்கிய பதினேழாம் ஆண்டில், சுரங்கம் திறக்கப்பெற்றது. அதனுள் குதிரை நடக்கக் கரையில்லை. ஆகலின் ஆடவர் படகின்மேல் மல்லாந்து கிடந்து, சுவரைக் காலால் உந்தியே படகைச் செலுத்தினர்; குதிரைகள் மலைமேல் நடந்து மறுபுறம் சேர்ந்தன.

பின்னர் இருப்புப்பாதை வந்தது. கால்வாயை ரெயில்வே கம்பெனியே கைக்கொண்டது. பக்கத்தில் ரெயிற் சுரங்கம் குடைந்தபோது, வெட்டிய கல்லும் மண்ணும் இக்கால்வாய்ப் படகுகளிலேயே வெளியேறின. தன்னை வெல்லும் பகைக்குத் தானே தோள்கொடுத்தது போலும்! வாணிகம் குன்றிற்று. 1944-இல் கால்வாய் சட்டப்படி கைவிடப்பட்டது. லாக்குகள் சிதைந்தன, சிற்சில இடங்களிற் கால்வாயைத் தூர்த்துக் கட்டடங்களும் எழுப்பினர்.

இந்நிலையில் 1974-இல் பொதுமக்கள் சிலர் கூடி ஒரு சங்கம் நிறுவினர். வெறும் இரங்கற்பேச்சோடு அவர் அமையவில்லை, தாமே மண்வெட்டி எடுத்தனர், நகரசபைகளை இணங்குவித்தனர். வேலையற்றோர் பலர் இப்பணியிற் பயிற்சியும் கூலியும் பெற்றனர். சிறுபகுதிகள் சீரானதைக் கண்டபின்னரே பெரும்பொருள் உதவியும் வந்தது. ஸ்டேலிபிரிட்ஜ் நகரினூடே மீண்டும் கால்வாய் வெட்டினர். 2001-இல் முழுக்கால்வாயும் படகுகளுக்குத் திறக்கப்பெற்றது.

அன்பர்களே! கட்டுதற்கு 17 ஆண்டு. மீட்பதற்கோ 27 ஆண்டு! கைவிடுதற்கு ஒரு சட்டமே போதியதாயிற்று. இன்று அங்கே சரக்குப் படகுகள் முன்போற் செல்வதில்லை, உலாப்படகுகளே செல்கின்றன. கரையில் மக்கள் நடந்து இன்புறுகின்றனர். ஆகவே, முன்னைப் பயன் ஒழிந்தமை கொண்டே ஒரு பொருளைப் பயனற்றதெனத் துணிதல் கூடாது. பின்னைப் பயன் யாதென ஆராய்தல் வேண்டும். பேணுதற்குச் சிறிது முயற்சி போதும்; மீட்டற்கோ ஒரு தலைமுறை வேண்டும். இதனை நாம் உள்ளத்திற் கொள்வோமாக.