கம்ப்யூட்டருக்குள் இருப்பதும் அமானிதமே
(அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

இந்த மாதம் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசப் போகிறோம். இதற்கும் அறக்கட்டளைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்களுக்கு நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சென்ற ரமலானுக்குப் பத்து நாட்கள் இருக்கும்போது, ஒருநாள் கரண்ட் போய் வந்தது. அதன் பிறகு அலுவலகக் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே இல்லை. ஜகாத் பெறுவோர் பட்டியல், விதவையர் உதவித்தொகை, மாணவர் விண்ணப்பங்கள், ஆறு வருடக் கணக்கு எல்லாம் அதற்குள் இருந்தன. நாங்கள் முதலில் பதறவில்லை. பிரதிதான் இருக்கிறதே!

அந்தப் பிரதி எங்கே இருந்தது? டி டிரைவில். சி, டி என்று இரண்டு பெயர் இருந்தாலும் உள்ளே இருந்தது ஒரே ஹார்ட் டிஸ்க். அது கெட்டபோது இரண்டும் சேர்ந்தே போயின. பென் டிரைவில் இன்னொரு பிரதி இருந்தது. அது எட்டு மாதம் பழையது. இரவல் கம்ப்யூட்டரில் திறந்தால், எங்கள் பழைய தமிழ் எழுத்துரு அதில் இல்லாததால், பெயர்கள் எல்லாம் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தன. கணக்கு மென்பொருள் தன் விவரங்களைத் தனக்கென ஒரு ஃபோல்டரில் வைத்திருக்கிறது. அதை நாங்கள் நகலெடுக்கவே இல்லை.

பழைய ரசீதுகளை எடுத்துவைத்து, இரவு தராவீஹ் முடிந்து உட்கார்ந்து பட்டியலைத் திரும்ப எழுதினோம். ரமலானுக்கு முன் போய்ச் சேர வேண்டிய உதவி, சில வீடுகளுக்குப் பதினைந்தாம் நோன்புக்குப் பிறகுதான் போனது. ஒரு தாய் வந்து, "எங்க பேரை எடுத்துட்டீங்களா பாய்?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. குற்றம் மின்சாரத்தின் மீதோ இயந்திரத்தின் மீதோ இல்லை, எங்கள் மீதுதான்.

யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்த பலர் ஷஹீதானார்கள். அப்போது உமர் (ரலி) அவர்கள் வலியுறுத்த, அபூபக்கர் (ரலி) அவர்கள் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் குர்ஆனைத் தொகுக்கும் பொறுப்பை ஒப்படைத்தார்கள். பின்னர் உஸ்மான் (ரலி) அவர்கள் பிரதிகள் எடுத்துப் பல ஊர்களுக்கு அனுப்பினார்கள். அந்த மகத்தான பணியோடு நம் கம்ப்யூட்டர் கணக்கை ஒப்பிட முடியாது. ஆனால் பாதுகாப்பவன் அல்லாஹ் என்று உறுதியாக நம்பியவர்களே பிரதியும் எடுத்தார்கள், அதை வேறு வேறு இடங்களிலும் வைத்தார்கள் என்ற பாடம் நமக்குப் போதும்.

நம் நாட்டிலேயே அண்மைய உதாரணம் உண்டு. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களை விஷமிகள் பூட்டிவிட்டார்கள். சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது. பல நாட்கள் பேப்பரில் எழுதித்தான் நோயாளிகளைப் பார்த்தார்கள். கடைசியில், பாதிக்கப்படாமல் இருந்த ஒரு பேக்கப் சர்வரிலிருந்து விவரங்களை மீட்டதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

சரி, வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த முறை நல்லது?

பென் டிரைவில் ஃபைல்களை மட்டும் நகலெடுப்பது ஒன்றுமில்லாததற்கு நல்லது. ஆனால் மென்பொருள், எழுத்துரு, பிரிண்டர் அமைப்பு எதுவும் திரும்பி வராது.

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவை இன்னொரு வழி. இலவசமாகக் கிடைப்பது கூகுளில் 15 ஜிபி, ஒன்டிரைவில் 5 ஜிபி. முழுக் கம்ப்யூட்டருக்கு அது காணாது. மேலும் இங்கே ஒரு ஃபைலை அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். குப்பைத் தொட்டியில் சில நாட்கள் இருக்கும், அவ்வளவுதான்.

மூன்றாவது, சிஸ்டம் இமேஜ். விண்டோஸ், மென்பொருள், எழுத்துரு, ஃபைல்கள் எல்லாவற்றையும் அப்படியே மொத்தமாகப் படியெடுப்பது. அலமாரியில் உள்ள காகிதங்களை மட்டும் எடுக்காமல் அலமாரியையே எடுத்து வைப்பது போல. டிஸ்க் கெட்டால், புது டிஸ்க் போட்டுப் பழையபடி ஆக்கிவிடலாம். நாங்கள் இதைத்தான் சிபாரிசு செய்கிறோம்.

விண்டோஸிலேயே கண்ட்ரோல் பேனலில் இந்த வசதி உண்டு. ஆனால் அதை இனி மேம்படுத்தப் போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் 2017லேயே சொல்லிவிட்டது. அதனால் வீம் ஏஜென்ட்டின் இலவசப் பதிப்பு போன்ற தனி மென்பொருள் மேல். குளோன்ஜில்லாவும் இலவசம். ஆனால் அதன் திரை வெறும் எழுத்தாக இருக்கும், பழகிய இளைஞர்களுக்கே சரிப்படும். அதில் சாதாரணமாக, திரும்பப் போடும் டிஸ்க் பழையதன் அளவோ அதைவிடப் பெரிதாகவோ இருக்க வேண்டும்.

எந்த மென்பொருளானாலும் இந்த ஐந்தையும் விடாதீர்கள்.

ஒன்று, வெளியே மாட்டும் ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். ஒன்று உங்கள் வீட்டில், மற்றொன்று அண்ணன் வீட்டிலோ சம்பந்தி வீட்டிலோ இருக்கட்டும்.

இரண்டு, பிரதி எடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். மாட்டியே இருந்தால், ஃபைல்களைப் பூட்டும் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

மூன்று, கம்ப்யூட்டரை எழுப்பும் மீட்பு பென் டிரைவை இன்றே தயார் செய்யுங்கள். கெட்ட பிறகு அந்தக் கம்ப்யூட்டரில் அதைச் செய்ய முடியாது. விண்டோஸ் 11 உள்ள சில கம்ப்யூட்டர்கள் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அதைத் தாளில் எழுதி வையுங்கள்.

நான்கு, மாதம் ஒருமுறை முழுப் பிரதி. கணக்கு எழுதும் வீடுகளில் வாரம் ஒருமுறை கணக்கை மட்டுமாவது எடுங்கள்.

ஐந்துதான் மிக முக்கியம். பிரதியைச் சோதித்துப் பாருங்கள். மீட்பு பென் டிரைவில் கம்ப்யூட்டர் எழுகிறதா, அது வெளி டிஸ்க்கில் உள்ள பிரதியைக் கண்டுகொள்கிறதா, பிரதியிலிருந்து ஒரு ஃபைல் திறக்கிறதா? திரும்ப எடுத்துப் பார்க்காத பிரதியை நம்பாதீர்கள். எட்டு மாதம் நாங்கள் நம்பி ஏமாந்தோம்.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. பதினொன்றுக்கு மாற இருப்பவர்கள், மாறுவதற்கு முன் முழுப் பிரதி எடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. ஜகாத் வாங்குவோர் பெயர் வெளியே தெரியக் கூடாது. வெளி டிஸ்க் தொலைந்தால் அவர்கள் மானமும் அதோடு போகும். எனவே கடவுச்சொல் போட்டுப் பூட்டும் வசதி உள்ள மென்பொருளாகத் தேர்ந்தெடுங்கள். எங்கள் டிஸ்க் இரண்டையும் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டில் பிள்ளைகளின் சான்றிதழ், பட்டா, பாஸ்போர்ட் நகல், மறைந்த பெற்றோரின் படங்கள் இருக்கும். அவையும் அமானிதமே.

முதல் தடவை செய்யத் தயங்குபவர்கள் கம்ப்யூட்டரையும் ஒரு காலி டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வாருங்கள். நம் கல்லூரிப் பிள்ளைகள் உட்கார்ந்து செய்து காட்டுவார்கள், இன்ஷா அல்லாஹ்.

ஒப்படைக்கப்பட்டதைக் காக்கும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.